ரத்தம் வண்டி வண்டியாக ஓடுது, சாவுக்கு மட்டும் விலையே இல்லை (டெட் செல்ஸ், ஹேடீஸ், நெட்ஹாக்)

#1 தூங்காத_தகடூரான் (தருமபுரி)

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக டெட் செல்ஸ் என்ற ரோக்லைக் கணினி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறேன். மருந்துக் கடையைப் பூட்டி வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி வரை இதுதான்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலை இல்லாத ஒரு உடம்பு. கழுத்துக்கு மேலே நெருப்பு மாதிரி ஏதோ எரியும். சிறைச்சாலையின் அடித்தளத்தில் எழுந்து, கையில் கிடைத்த கத்தியை எடுத்துக்கொண்டு, வருகிறவனை எல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டே மேலே போக வேண்டும். சுவரெல்லாம் தெறிக்கும். தொங்கும் பிணம், அழுகின பிணம், சங்கிலியில் பாதிப் பிணம், எதற்கும் பஞ்சமில்லை. செத்தால் அதே அடித்தளத்தில் மறுபடி எழ வேண்டும். வழிகள் மாறியிருக்கும். கையில் இருந்த ஆயுதம், காசு, கொன்றவர்களிடம் பொறுக்கிச் செலவழிக்காத செல்கள் எல்லாம் போச்சு. ஆனால் அதுவரை திறந்த ஆயுதங்களும், மருந்துக் குடுவையைப் பெரிதாக்கியதும், புது வழி திறக்கும் ரூன்களும் அப்படியே இருக்கும்.

என் பிரச்சினை இதுதான். நேற்று முதல் பாஸ் (வழி மறிக்கும் பெரிய எதிரி) கான்சியர்ஜிடம் 41-ஆவது தடவையாகச் செத்தேன். பேரைப் பார்த்தால் லாட்ஜ் மேனேஜர் மாதிரி இருக்கிறது, ஆள் அப்படி இல்லை. பாலத்தில் எகிறிக் குதித்தான், நான் உருண்டேன், அரை நொடி முன்னாலேயே உருண்டுவிட்டேன், அவன் என் மேலேயே இறங்கினான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி கேட்டாள்: "செத்தது யாருண்ணா?" நான்தான் என்றேன். "அப்புறம் ஏன் சிரிக்கிறே?"

பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. 41 தடவை செத்து ஒரு தடவைகூட வயிறு கலங்கவில்லை. சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பழைய டயாப்லோவில் புட்சர் என்ற கசாப்புப் பேயின் அறைக் கதவைத் திறந்தபோது கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதில் ரத்தம் அதைவிடப் பத்து மடங்கு, பயம் பத்தில் ஒரு பங்கு.

சாவுக்கு விலை இருக்கிற வெட்டு-குத்து ஆட்டம் ஏதாவது சொல்லுங்கள். என் லேப்டாப் 4 ஜிபி ராம், பழைய சரக்கு. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 பாலக்கோடு_தக்காளி

41 தடவைக்கே இப்படியா? எங்கள் மார்க்கெட்டுக்கு வந்து பார் தலைவா. விலை இல்லாமல் போனால் நாங்கள் வருஷத்துக்கு ரெண்டு தடவை சாகிறோம், ரத்தமும் சிவப்பாகத்தான் இருக்கும், ரோட்டில் கொட்டிக் கிடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேடயம் எடு. உருளுவதை விட்டுவிட்டு அவன் அடிக்கிற நேரத்தில் சரியாகக் கேடயத்தைத் தட்டிப் பழகு.

#3 சிப்காட்_ரெண்டாம்_ஷிப்ட் (ஓசூர்)

தகடூரான், ரத்தம் பத்து மடங்கு என்பது சரி. ஆனால் அந்த ரத்தம் உங்களைப் பயமுறுத்த வைத்தது இல்லை. அது மீட்டர்.

நான் பகலில் டூல் டிசைன் வேலை செய்கிறவன், அதனால் இந்த ஆட்டத்தின் படங்கள் எப்படி வந்தன என்று தேடிப் படித்திருக்கிறேன். பார்க்கக் கையால் புள்ளி புள்ளியாக வரைந்தது போலத் தெரியும். உண்மையில் 3டி மாடல் செய்து, எலும்புக்கூடு வைத்து அசைத்து, அதைச் சின்னப் படமாக இறக்கியிருக்கிறார்கள். ஆட்கள் குறைவு, அதனால் இந்த வழி. பிரான்சில் போர்தோ ஊரில் இருக்கும் மோஷன் ட்வின் என்ற குழு. தொழிலாளர் கூட்டுறவு அது. முதலாளி கிடையாது, எல்லோருக்கும் ஒரே சம்பளம். (எங்கள் லைனில் இதைச் சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார்.)

அந்தச் சின்ன உருவத்துக்கு முகபாவம் கிடையாது. அடி விழுந்ததா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஒரு கணம் படம் நின்று போகிறது, திரை லேசாக ஆடுகிறது, சிவப்பு தெறிக்கிறது. தெறிக்கும் பக்கத்தைப் பார்த்தால் அடி எந்தப் பக்கம் போனது என்று கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தை எடுத்துவிட்டால் பஞ்சு மூட்டையைக் குத்தின மாதிரி இருக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? அடி வாங்கினதும் உயிர்க்கோட்டில் ஒரு துண்டு ஆரஞ்சு நிறத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அது கரைவதற்குள் திருப்பி அடித்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்ப வரும். அடி வாங்கினவன் ஓடக் கூடாது, உள்ளே பாய வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் மூளை. முதல் இடத்தை 2 நிமிடத்துக்குள் தாண்டினால் ஒரு கதவு திறக்கும், பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே திசை: நிற்காதே. நிற்க விடாத ஆட்டத்தில் செத்ததற்குத் துக்கம் விசாரிக்க எங்கே நேரம்?

#4 இருட்டறை_எலி

முதலில் ஒரு திருத்தம். டெட் செல்ஸ் ரோக்லைக் கிடையாது, ரோக்லைட். செத்த பிறகும் ஏதாவது கையோடு வந்தால் அது லைட், ஒன்றும் வராமல் முதலிலிருந்து தொடங்கினால்தான் லைக். ஹேடீஸும் அப்படித்தான். அங்கே சாவது ஒரு வேலையே இல்லை. கதாநாயகன் செத்தால் அப்பன் வீட்டு ரத்தக் குளத்திலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு எழுந்து வருவான், வாசலில் நிற்கிறவன் "இந்தத் தடவை யார் கொன்றது" என்று நலம் விசாரிப்பான். காட் மோட் என்று ஒன்று உண்டு. போட்டால் 20 சதவீதம் அடி குறையும். ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை போகும். சாகச் சாக உடம்பு தேறுகிறது! 2020-ல் வந்தபோது உலகமே தலையில் வைத்து ஆடியது. நானும் ஆடினேன், பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை ரோக்லைக் என்று என் முன்னால் சொல்லாதீர்கள்.

அசல் ரோக்லைக் என்றால் முறை வைத்து ஆடுவது, நீ ஒரு நகர்வு, எதிரி ஒரு நகர்வு. நிதானமாக. இந்த ஹேக் அண்ட் ஸ்லாஷ் (வெட்டு-குத்து) சமாச்சாரமே வேறு ஜாதி.

#5 சிப்காட்_ரெண்டாம்_ஷிப்ட் (ஓசூர்)

எலி அண்ணா, கடைசி வரியில் சறுக்கிவிட்டீர்கள். 2008-ல் பெர்லினில் ரோக்லைக் செய்கிறவர்கள் கூடி எது ரோக்லைக் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், உங்கள் கட்சிக்காரர்கள் எல்லோரும் வேதமாக நீட்டுவது அதைத்தான். தற்செயலாக மாறும் தளம், நிரந்தரச் சாவு, முறை வைத்து ஆடுவது, கட்டம் கட்டமான தரை என்று போகும் அதில், முக்கியமான கூறுகளின் வரிசையிலேயே ஹேக் அண்ட் ஸ்லாஷ் இருக்கிறது. நிறைய மிருகங்களை வெட்டித் தள்ளுவது ரோக்லைக்கின் முக்கிய அம்சம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

டயாப்லோ கதையும் அதுதான். டேவிட் பிரெவிக் அதை முதலில் முறை வைத்து ஆடும் ஆட்டமாகத்தான் யோசித்தார். அவருக்கு மோரியா, ஆங்பாண்ட் மாதிரி எழுத்துக் குறிகளாலான ரோக்லைக் ஆட்டங்களில் பைத்தியம். பணம் போட்ட பிளிசார்டு, நிற்காமல் ஓடும்படி செய் என்றது. அவருக்கு இஷ்டமில்லை. பிறகு ஒரு மதியப் பொழுதில் நிரலை மாற்றி, ஒரு எலும்புக்கூட்டின் மேல் கிளிக் செய்து பார்த்திருக்கிறார். ஆள் நடந்து போய் ஓங்கி அடித்தான், எலும்பு சிதறியது. அத்தோடு விவாதம் முடிந்தது. வேறு ஜாதி இல்லை அண்ணா, ஒரே வீட்டு அண்ணன் தம்பி.

#6 இருட்டறை_எலி

பட்டியலில் முறை வைத்து ஆடுவதும் இருக்கிறதே, அதை மட்டும் மென்று விழுங்கிவிட்டீர்கள்.

(ஹேக் அண்ட் ஸ்லாஷ் பற்றிச் சொன்னது சரி. போய் மறுபடி படித்தேன். வாபஸ்.)

#7 நெறியாளர்

லைக்கா லைட்டா சண்டைக்கு ஏற்கனவே நாலு இழை இருக்கிறது. இங்கே தகடூரான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

#8 மல்கோவா (கிருஷ்ணகிரி)

நான் ஆடுகிறவள் இல்லை. என் பையன் ஆடுகிறான், வயசு பத்து. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.

எங்களுக்கு மாங்காய் மண்டி. சீசனில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், பெங்களூரா ரக மாங்காய் லோடு கூழ் ஃபாக்டரிக்குப் போகிற நேரத்தில் நான் பையனைக் கவனிப்பதே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் அவன் போனில் பார்த்தேன், ஒருவன் ஒருவனை வெட்டுகிறான், குடல் வெளியே வருகிறது. கேட்டால் "அம்மா, இது பிக்சல்தானே" என்கிறான். அதட்டிப் பிடுங்கிவிட்டேன். அப்புறம் யோசித்தேன், எங்கள் தெருவில் கிடா வெட்டும்போது அவன் முன் வரிசையில்தானே நிற்கிறான்.

நீங்கள் இத்தனை பேர் இதில் ஊறினவர்கள். பத்து வயசுக்கு இது வேண்டுமா வேண்டாமா, நேராகச் சொல்லுங்கள்.

#9 பாலக்கோடு_தக்காளி

அக்கா, நேராகச் சொன்னால் வேண்டாம். பதினாறு ஆகட்டும். கிடா வெட்டில் அவன் பார்க்கிறது ஒரு உயிர், ஒரு வெட்டு, எல்லோரும் ஒரு நிமிஷம் அமைதியாக நிற்பார்கள். இதில் ஒரு மணிக்கு முந்நூறு.

#10 சிப்காட்_ரெண்டாம்_ஷிப்ட் (ஓசூர்)

தக்காளி சொன்னதே என் கருத்தும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன் அக்கா: ரத்தம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ரத்தம் யாருடையது என்று பாருங்கள். பைண்டிங் ஆஃப் ஐசக் என்று 2011-ல் வந்த ஆட்டம், பார்க்கக் குழந்தைப் பொம்மை மாதிரி இருக்கும். பெற்ற தாயே கொல்ல வருகிறாள் என்று ஓடி அடித்தளத்தில் ஒளியும் பையன் கண்ணீராலேயே சுடுவான். குழந்தைக்கு நேரும் கொடுமை என்று சொல்லி ஆப்பிள் அதை 2016-ல் தன் கடையில் ஏற்க மறுத்து, அடுத்த வருஷம்தான் விட்டது. டெட் செல்ஸின் பிணக்குவியலைவிட பத்து வயசுப் பையனின் தூக்கத்தை அதுதான் கெடுக்கும். பொம்மை முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

#11 கல்தேடி (தருமபுரி)

தகடூரான் தம்பி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லையா?

நெட்ஹாக். 1987-ல் வெளியானது, இலவசம், உங்கள் லேப்டாப் என்ன, கால்குலேட்டரிலேயே ஓடும் போலிருக்கும். நீங்கள் ஒரு @ குறி. நாய் ஒரு d. 1980-ல் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது ரோக் ஆட்டத்தை எழுதினார்கள். தளங்களைக் கணினியே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியது எதற்கு என்றால், எழுதின தங்களுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது, தாங்களும் ஆட வேண்டும் என்பதற்காக. அந்த ரோக்கின் பேரப்பிள்ளை என்று நெட்ஹாக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் தெரியாதே தவிர, அதைப் போன்ற கோரமான ஆட்டம் நான் பார்த்ததில்லை. கொன்றதைத் தின்னலாம். கொன்று சுமார் ஐம்பது நகர்வு கடந்துவிட்டால் கெட்டுப்போயிருக்கும், தின்றால் நீங்கள் பிணம். பலிபீடத்தில் படைக்கலாம், அதற்கும் அதே ஐம்பது கணக்கு. எல்லாம் ஒரு வரி எழுத்தில் நடக்கும், மீதியை உங்கள் மூளை வரைந்துகொள்ளும்.

செத்தால் எழுத்துக் குறிகளால் கட்டின ஒரு கல்லறை திரையில் வரும். பேர், கையில் இருந்த பொன், எதனால் கொல்லப்பட்டான், எந்த வருஷம். அவ்வளவுதான். அடுத்த ஆள் வெறுங்கையோடு முதல் தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் மிஞ்சும். அதற்கு எலும்புக் கோப்பு என்று பெயர். நீங்கள் செத்த தளத்தை, சில சமயம், அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். (முதல் மூன்று தளங்களில் செத்தால் கிடையாது, அவ்வளவு சீக்கிரம் செத்தவனுக்கு மரியாதை இல்லை.) பின்னால் அதே கணினியில் ஆடுகிற யாராவது அந்த ஆழத்துக்குப் போனால், உங்கள் ஆவி உங்கள் பெயரோடு அங்கே நிற்கும். பொருளெல்லாம் கிடக்கும், ஐந்தில் நான்கு சபிக்கப்பட்டிருக்கும். ஆவி ரொம்ப மெது, அடித்தால் ஒரு புள்ளிதான் போகும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்தவன் பெயரில் வருகிறது, அதுதான் விஷயம். ஒரு முறை யாராவது நுழைந்துவிட்டால் கோப்பு அழிந்துவிடும்.

2001 வாக்கில் நான் படித்த இடத்தில் லேபில் ஒரே யூனிக்ஸ் சர்வர், எல்லோரும் அதில்தான். ராத்திரி காவலாளியைச் சரிக்கட்டி உட்கார்ந்து ஆடுவோம். ஒரு நாள் ஏழாம் தளத்தில் நுழைந்தால் அறை நடுவே ஒரு சிலை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஊத்தங்கரைப் பையன் ஒருவன், என் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தவன், பாதியில் படிப்பை விட்டுப் போய்விட்டான், அவன் லாகின் பெயர். காக்கட்ரைஸ் என்றொரு கோழிப் பேய் உண்டு, அதன் பிணத்தை வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவோம். தொட்டிருக்கிறான். அப்படிச் செத்தவனுக்கு ஆவி வராது, அவனே சிலையாக நிற்பான், அவன் வைத்திருந்ததெல்லாம் சிலைக்குள் இருக்கும். என் கையில் ஒரு குள்ளனிடம் பிடுங்கின பிக்காசு இருந்தது. உடைக்கத்தான் வேண்டும், உள்ளே நல்ல கவசம் இருக்கலாம். அரை மணி நேரம் உடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

#12 தூங்காத_தகடூரான் (தருமபுரி)

சார், உடைத்தீர்களா இல்லையா?

#13 கல்தேடி (தருமபுரி)

உடைத்தேன். சேமிப்பு இல்லாத வயசு. கவசம் சபிக்கப்பட்டது, மாட்டினால் கழற்ற முடியவில்லை, அதோடுதான் செத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கல் பைத்தியம் பிடித்தது என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். பாடம் நடத்துகிற நேரம் போக ஞாயிறெல்லாம் நடுகல் தேடி அலைகிறவன் நான். நம் இரண்டு மாவட்டமும் (2004-ல் பிரித்தாலும் கல்லுக்குத் தெரியாது) நடுகல்லுக்குப் பேர் போனவை. தருமபுரி அகழ்வைப்பக முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன, டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். இடது கையில் வில், வலது கையில் வாள், உடம்பில் அம்புகள் தைத்தபடி ஒருவன். காலடியில் ஒரு சின்னக் கெண்டி. எழுத்து இருந்தால் இப்படிப் போகும்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். பேர், ஆண்டு, எதனால் செத்தான். நெட்ஹாக் கல்லறையில் வருகிற அதே மூன்று தகவல்.

அம்பு தைத்திருக்கும், ரத்தம் செதுக்கியிருக்க மாட்டான் தச்சன். தேவைப்படவில்லை அவனுக்கு.

#14 இருட்டறை_எலி

சார், நாய் விட்டுப்போச்சு. நெட்ஹாக்கில் கூட வருகிற நாய்.

#15 கல்தேடி (தருமபுரி)

அதற்கும் கல் இருக்கிறது! பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம், எடுத்தனூர். மகேந்திரவர்மன் காலத்துக் கல். எருமை மந்தைக்காகச் சண்டையிட்டுச் செத்தவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பேர் கோவிவன். கள்ளர்களைக் கடித்து அங்கேயே காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாயின் பேர் நமக்குத் தெரிகிறது, அவனோடு செத்த எத்தனையோ ஆட்களின் பேர் தெரியவில்லை.

#16 சிப்காட்_ரெண்டாம்_ஷிப்ட் (ஓசூர்)

சார் எழுதினதைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிப் பேச மனசில்லை, ஆனாலும் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற ஆட்டத்திலும் சாவுக்கு விலை வைக்கலாம். 2000-ல் வந்த டயாப்லோ 2-ல் ஹார்ட்கோர் என்று ஒன்று உண்டு. செத்தால் செத்ததுதான், அந்த ஆளைத் திரும்ப எடுக்க முடியாது. முதல் டயாப்லோவில் இன்னொரு ஆட்டக்காரனைக் கொன்றால் அவன் காது கீழே விழும், அதில் அவன் பெயரும் லெவலும் எழுதியிருக்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் ஒரு சென்டரில் நாங்கள் ஆறு பேர் ஆடுவோம். ஒருத்தன் என் காதைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வருஷம் வைத்திருந்தான். பரோட்டா வாங்கிக் கொடுத்தும் தரவில்லை.

அப்புறம் இணையத்தில் ஹார்ட்கோர் ஆள் ஒருவனை நாலு மாசம் வளர்த்தேன். ஒரு நாள் நெட் அறுந்தது. திரையில் எல்லாம் உறைந்து நிற்கிறது, ஆனால் அங்கே சர்வரில் என் ஆள் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிறான் என்று எனக்குத் தெரிகிறது. திரும்ப உள்ளே போனபோது பேர் மட்டும் இருந்தது. சென்டர்க்காரர் அந்த ஒரு மணிக்கும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது, தகடூரான். ரத்தம் அதில் மிதமாகத்தான் இருந்தது.

#17 பாலக்கோடு_தக்காளி

டயாப்லோ என்ற பேரே பிரெவிக் வளர்ந்த ஊர்ப் பக்கம் இருந்த மலையின் பேர்தானாம், கலிஃபோர்னியாவில் டயாப்லோ மலை. நம் ஆட்கள் செய்திருந்தால் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை என்று வைத்திருப்பார்கள். கோட்டையும் மேலேயே இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய பேரான பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை, தளத்துக்கு ஒரு கோட்டை, கடைசியில் ராயக்கோட்டை. யாராவது நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தக்காளி விலை ஏறினால் நான் பணம் போடுகிறேன்.

#18 மல்கோவா (கிருஷ்ணகிரி)

இதைக் கேட்டதும் பையன் பேப்பரில் பன்னிரண்டு கோட்டையும் வரைய ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு கோட்டை வாசலிலும் ஒரு தலையைச் செருகி வைத்திருக்கிறான். என்ன சொல்வது என்று தெரியாமல் ஸ்கெட்ச் பென் வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

சார் சொன்ன எழுத்து ஆட்டம் பத்து வயசுக்குப் பரவாயில்லையா?

#19 கல்தேடி (தருமபுரி)

தாராளமாக, அம்மா. ஆனால் ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். முதல் வாரம் தினமும் அழுவான்.

#20 தூங்காத_தகடூரான் (தருமபுரி)

சார், இறக்கிவிட்டேன். எந்த ஆளை எடுப்பது?

#21 கல்தேடி (தருமபுரி)

புதுசுக்கு சாமுராய் எடுங்கள். நல்ல வாள், வில், அம்பு எல்லாம் கையிலேயே இருக்கும், நாயும் கட்டாயம் வரும். நாய்க்கு நீங்களே பேர் வைக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது.

#22 தூங்காத_தகடூரான் (தருமபுரி)

நாய்க்குக் கோவிவன் என்று பேர் வைத்தாச்சு.

முதல் நாள்: இரண்டாம் தளத்தில் குள்ளன் ஒருவன் மண்டையில் போட்டான். அரை மணி நேர உழைப்பு.

இரண்டாம் நாள்: பசியில் பழைய பிணத்தைத் தின்றேன். சார் எழுதியிருந்தும் தின்றேன்.

நாலாம் நாள் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் தளம். மூன்று மணி நேரம் வளர்த்த ஆள், கோவிவனும் குட்டி நாயாக வந்து பெரிய நாயாகிவிட்டது. எதிரே மஞ்சள் நிறத்தில் ஒரு c. எதற்கு வம்பு என்று தூரத்திலிருந்தே அம்பு விட்டேன், ஏழாவது அம்பில் செத்தது. ஒரு கீறல்கூட எனக்கு இல்லை. சந்தோஷமாகப் போய் அம்புகளைப் பொறுக்கலாம் என்று கமாவை அழுத்தினேன். என்னவெல்லாம் எடுக்க என்று பட்டியல் வந்தது. கடையில் சரக்கு இறங்கினால் எல்லாவற்றையும் டிக் அடிக்கிற பழக்கம், எல்லாவற்றையும் அடித்தேன்.

அது காக்கட்ரைஸ். பிணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன், வெறுங்கையால். ஒரே வரிதான் வந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வயிறு கலங்கியது சார். சத்தம் இல்லை, சிவப்பு இல்லை, ஒரு மஞ்சள் எழுத்து. அந்த ராத்திரி டெட் செல்ஸைக்கூடத் திறக்கவில்லை.

#23 இருட்டறை_எலி

கையுறை என்று ஒன்று இருக்கிறது தம்பி. மருந்துக் கடைக்காரருக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

#24 பாலக்கோடு_தக்காளி

எலி அண்ணாவுக்கு இந்த இழையில் முதல் லைக்.

#25 தூங்காத_தகடூரான் (தருமபுரி)

மன்னிக்கவும், மறுபடி நானே. ஒரு வாரம் கழித்து.

நான் கடையில் இருக்கிற நேரம் தங்கச்சி என் லேப்டாப்பில் நெட்ஹாக் ஆட ஆரம்பித்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அவள் பேரில் ஒரு சூனியக்காரி. கூட வந்த பூனைக்குட்டியை மூன்றாம் தளத்தில் தொலைத்துவிட்டாளாம். நேற்று கடைக்கே போன் செய்தாள்: "அண்ணா, அஞ்சாவது மாடியில உன் பேர்ல ஒரு சிலை நிக்குது."

எலும்புக் கோப்பு! கல்லாவில் ஆள் நிற்கிறார், பாராசிட்டமால் கேட்கிறார், நான் போனில் "உடைக்காதே, உடைக்காதே" என்று கத்துகிறேன். "பிக்காசு இருக்கா?" "இருக்கு." "சரி, நான் வரும்வரை கிட்டப் போகாதே." "போயிட்டேன். உன் வாள் உள்ள இருக்கும்ல?"

அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

கல்தேடி சார், நீங்கள் சொல்லாத ஒன்று: எஜமான் செத்துத் தளம் கோப்பாகிவிட்டால், கூட இருந்த நாய் பழக்கம் விட்டுப்போய் யார் வந்தாலும் பாய்கிறது. சிலைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. சூனியக்காரிக்கு உடம்பில் தெம்பு ஏது, நாலு கடிதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். திரையை மூடாமல் எனக்காக வைத்திருந்தாள். கல்லறையில் அவள் பேர், கையில் இருந்த பொன், கீழே: கோவிவன் என்ற நாயால் கொல்லப்பட்டாள்.